எதிரியாகவே வரட்டும்

வயலில் ஒரு பறக்கும் தட்டு இறங்கியது. "வந்திருப்பது எதிரிகளோ!" என்று ஊரே அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பொன்னையா வீட்டுக் கூரைமேல் ஏறிய சேவல், "எதிரியாகவே இருக்கட்டும், சாமி!" என்று குதியாட்டம் போட்டது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றது வெள்ளாடு.

"அட மக்கு மாமா! சண்டை வந்தால் அது மனுசங்க பாடு. விருந்தாளி ஆகிவிட்டால் நம்ம பாடு அதோகதி!"

ஆட்டுக்கு உறைத்தது. உடனே அதுவும், "வெட்டு! குத்து!" என்று துள்ளியது.

தட்டின் கதவு திறந்தது. பூசணிக்காய் போல ஒருவர் உருண்டு வந்து, எட்டுக் கைகளையும் கூப்பி, "வணக்கம்" என்றார்.

ஊருக்கே முகமெல்லாம் பல். பொன்னையா மனைவியைப் பார்த்துக் கூவினார்: "செல்லக்கிளி, மசாலாவை அரை!"

அரிவாளை மட்டும் அவர் கீழே போடவில்லை.