இடுப்பு முனையும் கை முனையும்

தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக ஒரு கயிறு வந்தது. தீக்குள் போகும் மாசிலாமணியின் இடுப்பில் அதன் ஒரு முனையைக் கட்டினார்கள். மறு முனை வாசலில் நிற்கும் ஜெபராஜின் கையில் இருந்தது.

முதல் வேலை ஒரு பஞ்சுக் கிடங்கில்.

"நான் உள்ள போய் ஒரு கை பாத்துட்டு வரேன். நீ இங்கயே நின்னு வேடிக்கை பாரு" என்றது இடுப்பு முனை.

கை முனைக்குச் சுருக்கென்றது.

உள்ளே ஒரே புகை. முகமூடி அணிந்த மாசிலாமணி தரையோடு தவழ்ந்து போய், மயங்கிக் கிடந்த காவலாளியைக் கண்டுபிடித்தார். திரும்பிப் பார்த்தால் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"டேய், இருக்கியா?" என்று இடுப்பு முனை கயிற்றைச் சுண்டியது.

வாசலிலிருந்து கை முனை உடனே பதிலுக்குச் சுண்டியது.

"இருக்கேன். இந்தப் பக்கம் வா."

கயிறு விறைத்து நின்றது. அதைப் பிடித்தபடியே மாசிலாமணி காவலாளியை வெளியே இழுத்து வந்தார். காவலாளி இருமிக்கொண்டே கண் திறந்தார்.

மறுநாள் ஒரு துணிக்கடையில் தீ. மாசிலாமணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் கயிறு வண்டிக் கொக்கியில் சிக்கி அவரை நிறுத்தியது.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றது இடுப்பு முனை. "கை முனைத் தம்பி இன்னும் ஜெபராஜ் அண்ணன் கைக்குப் போகல."