பெண்கள் இறங்காத குழி

“பொம்பளப் புள்ளைங்க எறங்குற எடமா இது? வேம்பு, நீ போய் பஸ்ஸுல உக்காரு.”

சொல்லிவிட்டுப் பேராசிரியர் குழந்தைவேல் குடையை விரித்தார். ஜியாலஜி எம்.எஸ்சி. வகுப்பில் பதினாலு பையன்கள். வேம்பு ஒருத்திதான் பெண். ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் குழியோரம் அவர்களை இறக்கிவிட்டுக் கல்லூரி பஸ் வெயிலில் நின்றது.

எண்பதடிக் குழி. அடியில் பல கோடி வருஷத்துச் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடந்தன. அவரவர் கையால் பொறுக்கிய பத்துக் கல்லாவது ரெக்கார்டு நோட்டோடு இருந்தால்தான் பிராக்டிகல் பரீட்சை எழுத விடுவார்கள். போன வருஷம் பஸ்ஸில் உட்காரவைத்ததில் அவளுக்கு ஒரு வருஷம் மண்ணாய்ப் போனது. இந்த வருஷமும் போனால் படிப்பு அத்தோடு சரி.

“எறங்கிருவேன் சார். இந்தக் குழியெல்லாம் எனக்குப் பழக்கந்தான்.”

பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கமாட்டார்களா? பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து அவள் குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே.

“பழக்கமாம். சரிவுல கால் வழுக்குனா யாரு பதில் சொல்றது?”

“விழுந்தா நாந்தான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன் சார்.”

“எழுதி வேற தருவியா? பொம்பளைங்களுக்குச் சரிவுல நிதானம் வராதும்மா. இது நான் சொல்லல, அனுபவம் சொல்லுது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். யூனிவர்சிட்டி சீட்டுக் கொடுத்துவிட்டது. இந்த மனுஷர் குழி விளிம்பில் மறித்துக்கொண்டு நிற்கிறார். வேம்புக்கு வேறு வழி தெரியவில்லை. பதினாலு பேர் பார்க்க அவர் காலில் விழுந்தாள்.

“இருக்கட்டும், எந்திரி. போய் பஸ்ஸுல உக்காரு” என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அவளுக்கு உலகமே வெறுத்துப் போயிற்று.

பஸ்ஸிலிருந்து சுத்தியலும் உளியும் போட்ட இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் யார் இறங்குவது? பையன்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

அந்நேரம் குழிக்குள்ளிருந்து, தலையில் கல்கூடையோடு ஒருத்தி விறுவிறுவென்று சரிவேறி வந்து, லாரியோரம் கூடையைக் கவிழ்த்தாள்.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. “ஏம்மா, இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்களுக்கு முன்னால எறங்கு. பாத்து, சாமான் பத்திரம்.”

சும்மாட்டுத் துணியால் முகம் துடைத்த கூடைக்காரி இருசம்மாள் அப்போதுதான் மகளைப் பார்த்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று, யாரோபோலப் பெட்டிக்குக் குனிந்தாள்.

வேம்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

“பெட்டிய எந்தலையில வையும்மா, நான் எறங்குறேன்.”