சரணம் இல்லாத சிடி

பூவராகன் இரண்டு லட்ச ரூபாய் சிடி பிளேயர் ஒன்றை ஒரு வாரம் கேட்டுப் பார்க்கக் கடையிலிருந்து கொண்டுவந்து, பழைய பிளேயருக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த விலைக்குத் தகுமா என்று பார்க்க ஒரே சிடியைப் புதியதில் போடுவார். பல்லவி முடிந்ததும் எடுத்துப் பழையதில் போடுவார்.

ஆறாம் நாள் சிடி சீறியது. "பல்லவியையே பாடிப் பாடி வெறுத்துப்போச்சு! எனக்குச் சரணம்னு ஒண்ணு இருக்குய்யா!"

"கத்தாதே. அவர் என் துல்லியத்தைக் கவனிக்கிறார்" என்றது புதிய பிளேயர்.

"துல்லியமா? பாட்டு எதைப் பத்தினதுன்னு அவரைக் கேட்டுப் பாரு!"

"நாளைக்கு முடிவு பண்ணிடுவார். அப்புறம் முழுசாக் கேப்பார்" என்று சமாதானம் சொன்னது பழையது.

மறுநாள் பூவராகன் பணத்தைக் கட்டிவிட்டு வந்து சிடியைப் போட்டார். பல்லவி முடிந்ததும் நிறுத்தினார்.

"பிளேயர் பிரமாதம்" என்றார் மனைவியிடம். "இனி இதுக்கேத்த ஸ்பீக்கர் பார்க்கணும். நாளைக்கு ரெண்டு ஜோடி வருது."

சிடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வரும்போது பிளேயரின் விளிம்பில் உடம்பை அழுத்தித் தேய்த்து, தன் சரணத்தைத் தானே கீறி அழித்தது.

ஒரு வருஷமாகிவிட்டது. பூவராகன் இப்போது ஒயர்களை மாற்றி மாற்றிக் கேட்கிறார். சரணம் போனது அவருக்கு இன்னும் தெரியாது.