தேஜஸ்ரீயின் கேள்வி

"வேலை வேணுமுங்களா, இன்டர்நெட்டுல எழுதற அந்த ப்ளாக் வேணுமுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க."

தலைமையாசிரியர் வெள்ளியங்கிரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. வேல்விழி உள்ளே வந்ததும் மேசை மேலிருந்த மானிட்டரைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

வேல்விழி அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர். நிரந்தர வேலை கிடையாது. தாளாளர் மணியன் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே வீட்டில் உட்கார வேண்டியதுதான். சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் டீச்சரானதைக் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"நான் தப்பா ஒண்ணும் எழுதலையே சார். தமிழ்ல டைப் அடிக்கிறது எப்படி, வைரஸ் வந்த பென் டிரைவை எப்படிச் சரி பண்றது... இந்த மாதிரிக் குறிப்புதான். அதுவும் எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து எழுதுறேன். ஸ்கூல் நெட்டைத் தொடுறதே இல்ல."

"அதைய நானு கேக்கலீங்க. தாளாளர் மருமகன் கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காரல்லோ? நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரே ஊருக்கெல்லாம் ஓசியில சொல்லிக்கொடுத்தா, அங்க யாருங்க போய்ச் சேருவாங்க? காலையில தாளாளர் போனைப் போட்டு என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிப்போட்டாரு."

"பீஸ் கட்ட முடிஞ்சவங்க அங்கதான் போறாங்க சார். முடியாதவங்கதான் என் குறிப்பைப் படிக்கிறாங்க. சோமனூர்ல தறி ஓட்டுறவரு பொண்ணு, இதைப் பார்த்தே ப்ராஜெக்ட் முடிச்சிட்டேன்னு எழுதியிருந்துச்சு. கணியூர்ல ஒரு வாத்தியார் மார்க் பட்டியல் போடப் பழகிட்டாராம்."

"வாத்தியாரா?" வெள்ளியங்கிரிக்குக் குரல் எகிறியது. "வாத்தியாருக்கு எதுக்குங்க குறிப்பு? சொந்தமாக் கத்துக்கோணும். எனக்கு ரிட்டையர்மென்ட்டே வரப்போகுது. பத்தாவது பசங்க பேரு, பொறந்த தேதி எல்லாத்தையும் சிடியில போட்டுக் கல்வி ஆபீசுக்கு அனுப்போணும். நாளைக்குக் கடைசி நாள். நானேதான் உட்கார்ந்து அடிக்கறேன். எவருகிட்டயாச்சும் போய் நின்னேனா?"

ஸ்டாஃப் மீட்டிங் தவறாமல் அவர் பாடும் பாட்டு இது. கம்ப்யூட்டரில் சந்தேகம் என்று வாய் திறந்த ஆசிரியர் எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

வேல்விழிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டாள்.

"முடிவைச் சொல்லுங்க டீச்சர். தாளாளருக்குப் பதில் சொல்லோணும்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அவளுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"நிறுத்திடுறேன் சார்."

"நல்லதுங்க."

கதவு வரை போய்விட்டாள். பின்னால் போன் பேசும் சத்தத்தைக் காணோம்.

"ஏனுங்க டீச்சர்..." குரல் நன்றாக இறங்கியிருந்தது. "நிறுத்தறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணுங்க. அதுல தேஜஸ்ரீயோ என்னமோ, பத்தாவது படிக்கற புள்ள ஒண்ணு நேத்து கேட்டிருந்துச்சு. எக்ஸெல்ல ஜூன் அஞ்சுன்னு அடிச்சா மே ஆறுன்னு விழுகுதுன்னு. அதுக்கு மட்டும் பதில் போட்டுருங்க. பாவமுங்க, இத்தனை பசங்க பொறந்த தேதி... இல்ல, அந்தப் புள்ள பொறந்த தேதி மாறிப்போயிருமல்லோ?"

வேல்விழி அப்படியே நின்றாள்.

தேஜஸ்ரீ மூன்று மாதமாகக் கேள்வி கேட்கும் பிள்ளை. போன மாதம், சம்பளப் பட்டியலில் அகவிலைப்படி போடுவது எப்படி என்று கேட்டது. எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை இது என்று வேல்விழிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பொறுமையாகப் பதில் எழுதினாள்.

இப்போது ஒரு வார்த்தை போதும். ஸ்டாஃப் ரூம் வருஷம் முழுக்கச் சிரிக்கும்.

"பதில் காலையிலேயே போட்டுட்டேன் சார்," என்றாள். "அந்தப் பிள்ளை நேத்துத் திறந்த பக்கத்தை அப்படியே வெச்சுப் பார்த்துட்டிருக்கும் போல. எஃப்-ஃபைவை ஒரு தடவை அமுக்கச் சொல்லுங்க. புதுசா வந்தது தெரியும்."

பின்னால் டொக்கென்று ஒரு கீ அமுங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். 'இன்றோடு முடிகிறது' என்று ஒரு வரி எழுதி மூடிவிட வேண்டியதுதான். சோமனூர்ப் பெண்ணை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ப்ளாக்கைத் திறந்தாள். அவள் அனுமதிக்காகப் புதிதாக ஒரு கருத்து காத்திருந்தது.

'இது வெளியிட அல்ல. மிக்க நன்றி அக்கா. தேதிகள் இப்போது சரியாக வருகின்றன. யார் சொன்னாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். தாளாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இப்படிக்கு, தேஜஸ்ரீ, பத்தாம் வகுப்பு.'