இன்னும் ரெண்டு பாலம்

“அம்மா, எங்கை நிக்கிறியள்?”

“உங்கடை ஊருக்குக் கிட்ட வந்திட்டன் பிள்ளை. இன்னும் ரெண்டு பாலந்தான். கோட்டை தெரியுது.”

காதில் செருகிய போனில் மகள் றம்யா சிரித்தாள். அகஸ்ரீனா முழங்கால் நோவைப் பொருட்படுத்தாமல் மிதித்தாள். இடப்பக்கம் லுவார் ஆறு, வலப்பக்கம் நெடுநெடுவென்று மரங்கள். கார் இல்லை, ஹோர்ன் இல்லை, குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள் இல்லை. சைக்கிளுக்கென்றே இப்படியொரு பாதையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் பிரான்சுக்காரர், கொடுத்துவைத்தவர்கள்.

“மெல்லமாப் போ. அந்தக் கோட்டையை நான் வடிவாப் பாக்கேல்லை,” என்றாள் பின்னால் இருந்த சிஞ்ஞோரா நுன்சியா.

பின்னால் என்றால் சைக்கிளின் பின்சீட்டில் இல்லை, சோபாவில். தரையைத் தொடாத குட்டைக் கால்களை ஆட்டியபடி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிசிலியப் பேச்சு அகஸ்ரீனாவின் காதில் எப்போதோ மன்னார்த் தமிழாகிவிட்டது.

ஆறும் கோட்டையும் தொலைக்காட்சியில் ஓடுகிற படம். சைக்கிள் நிற்பது இத்தாலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து மாடி வீடொன்றின் ஹாலில். சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது.

சிஞ்ஞோரா அந்த வீட்டுக்காரி; அவளைப் பார்த்துக்கொள்வதுதான் அகஸ்ரீனாவின் வேலை. இடுப்பில் ஒப்பரேசன் செய்த சிஞ்ஞோரா பயிற்சி செய்யட்டும் என்று அவளுடைய மகன் லொரென்சோ மிலானிலிருந்து வாங்கி அனுப்பியது அந்தச் சைக்கிள். எவ்வளவு தூரம் ஓடினாள் என்பது உடனுக்குடன் அவனுடைய போனுக்குப் போய்விடும்.

முதல் நாளே சிஞ்ஞோரா தன் காலைப் பிடித்துக்கொண்டு, “என்னாலை ஏலாது, நீ ஓடு,” என்றுவிட்டாள். மகனின் மனம் குளிரட்டும் என்று அகஸ்ரீனா ஏறினாள். திரையில் ஆறு தெரிந்தது. அந்த ஆற்றங்கரையில், சொமூர் என்கிற ஊரில்தான் றம்யா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அகஸ்ரீனாவைச் சைக்கிளிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு.

றம்யாவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. அகஸ்ரீனாவோ பெர்மெஸ்ஸோ என்கிற இத்தாலி வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, வெறும் ரசீதோடு இருக்கிறாள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போக முடியாது. வேலை இருந்தால்தான் அனுமதி கிடைக்கும், அனுமதி கிடைத்தால்தான் மகளைப் பார்க்கலாம். எவ்வளவு மிதித்தாலும் எதிர்ச் சுவர் ஓர் அங்குலம் விலகாது. சில நாட்களில் அவளுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிடும்.

இன்றைக்குத் திங்கட்கிழமை, அந்த ஆத்திரம் சீட்டின் மேல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டுத் திங்கள் காலை வந்தால், சீட் எப்போதும் கீழே பதிந்து கிடக்கும். ‘மலிவுச் சாமான்’ என்று வைதபடி அதை உயர்த்திவிட்டுத்தான் ஏறியிருந்தாள்.

இன்டர்கொம் அலறியது.

“மம்மா, நான் லொரென்சோ. கீழை நிக்கிறன், திறவுங்கோ!”

அகஸ்ரீனா போனை வெட்டிவிட்டுக் குதித்து இறங்கினாள். வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லை. லொரென்சோ பெட்டியும் கையுமாக உள்ளே வந்து, தாயின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான்.

“மம்மா, கெட்டிக்காரி நீங்கள்! ஆத்தின்ரை முழு நீளத்தையும் ஓடி முடிக்கப்போறியள். மிலானிலை என்ரை கூட்டாளியளுக்கெல்லாம் காட்டினனான்.” பிறகு அகஸ்ரீனாவிடம் திரும்பினான். “உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேணும். இவ்வளவு ஓடுற காலோடை இனி அவவுக்கு ஆள் தேவையில்லை. இந்த மாசத்தோடை உங்கடை வேலையை நிப்பாட்டுவம்.”

வாயைத் திறந்தால் அகஸ்ரீனா ஏமாற்றுக்காரி, மூடினால் வேலையில்லாதவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு அடைத்திருந்தது. தன் வேலைக்குத் தானே மிதித்து மிதித்து வேட்டு வைத்திருக்கிறாள்! உதவிக்குச் சிஞ்ஞோராவைப் பார்த்தாள். அவள் தோடம்பழத்தின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“சிஞ்ஞோர் லொரென்சோ,” என்றாள் அகஸ்ரீனா. “அவ ஒரு நாளும் ஓடேல்லை. எல்லாம் நான் ஓடினது. என்னை என்ன வேணுமெண்டாலும் ஏசுங்கோ. ஆனா அவவைத் தனிய விட்டிடாதேங்கோ. பிடிக்க ஆளில்லாமல் அவவாலை எழும்பவே ஏலாது.”

லொரென்சோவின் முகம் சிவந்தது. போனை எடுத்து, எந்த நாள் எவ்வளவு ஓடியது என்ற கணக்கை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பார்க்கப் பார்க்கக் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

“ஞாயிற்றுக்கிழமையிலும் வாறனீங்களோ?”

“இல்லை. பூசைக்குப் போறனான்.”

“அப்ப நேற்று ஓடினது ஆர்?”

அகஸ்ரீனா சீட்டைப் பார்த்தாள். பிறகு சோபாவில் தொங்கிக்கொண்டிருந்த குட்டைக் கால்களைப் பார்த்தாள்.

சிஞ்ஞோரா தோலை மேசையில் வைத்துவிட்டு, ஒருவரையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

“நான்தான். மற்ற நாளிலை இவள் இறங்கினால்தானே!”

“அப்பிடியெண்டால் உங்களுக்கு ஆள் தேவையில்லைத்தானே, மம்மா?”

“என்ன கதை கதைக்கிறாய்? இவளுக்குப் பெர்மெஸ்ஸோ வந்த உடனை, இவள் இல்லாமல் என்னைச் சொமூருக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?”