கம்போவுக்குப் பிடித்த பேனா

"தம்பி, கஞ்சா மெழுகைச் சூடாக்கிப் புகை இழுக்க ஒரு வேப் பேனா வேணும். முப்பது டாலருக்குள்ள குடு. மூட்டு வலி உயிரை வாங்குது."

பியூப்ளோ நகரில் நான் வேலை பார்க்கும் கடையில் பேனா மட்டும்தான் விற்போம். மெழுகை வேறு கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று மலிவுப் பேனாக்களை எடுத்து வைத்தேன்.

"எல்லாமே புத்தம் புதுசு மேடம்!"

வெர்லின் என்ற அந்த அம்மா, முதல் பேனாவைத் தன் கிழட்டு நாயின் மூக்கருகே நீட்டினார். "கம்போ, இது எப்படிடா?"

நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாய்தான் இழுக்கப் போகுதா மேடம்?"

"அவன் சொன்னா சரியா இருக்கும்."

இரண்டாவதையும் அது சட்டை செய்யவில்லை. மூன்றாவதை மோந்ததும் டக்கென்று உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"சபாஷ்! உங்க ஆளுக்குப் பிடிச்சுப்போச்சு. இதையே பேக் பண்ணிடவா?"

"வேண்டாம். முதல் பேனாவைக் குடு."

"ஏன் மேடம்? இதுக்குத்தானே வாலை ஆட்டினான்?"

"எட்டு வருஷம் போலீஸ்ல இருந்தவன்பா. கஞ்சா வாசனை வந்தா மட்டும்தான் இப்படி உட்காருவான். கஞ்சாவுக்கு அனுமதி குடுத்ததும், பாவம், இவனுக்கு வேலை போயிடுச்சு. அது கிடக்கட்டும், புத்தம் புதுசுன்னியே, இதை யாரு இழுத்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனியிலயே ஏதாவது..." என்று இழுத்தபடி, கதவைத் திறந்துவிடும் சாக்கில் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

கம்போ என் கால்சட்டைப் பையை ஒருமுறை மோந்துவிட்டு, என் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்தது.