ஒட்டு தெரிகிறது

தன் இரங்கல் நிகழ்ச்சியின் முதல் தவறை அவர் மூன்றாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“எழுபத்திரண்டு புத்தகம் இல்ல. எழுபத்தி மூணு.”

எடிட்டர் குறித்துக்கொண்டாள்.

வானொலி நிலையத்தில் இது வழக்கம்தான். பெரிய மனிதர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கான அஞ்சலியைத் தயார்செய்து வைத்துவிடுவார்கள். அவரே எத்தனையோ பேருக்குச் செய்து வைத்தவர். இப்போது தன்னுடையதும் தயார் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, போட்டுக் காட்டு என்று வந்து உட்கார்ந்துவிட்டார். முடியாது என்று சொல்ல நிலைய இயக்குநருக்கே வாய் வரவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் சிவிங்கி மாமா. குறட்டை விடும் ஓர் ஒட்டகச்சிவிங்கியை எழுதி எழுதியே பேர் வாங்கியவர்.

ஸ்டுடியோவுக்குள் அவர் பெயர் கத்திரி. முப்பது வருஷம் நகைச்சுவை நிகழ்ச்சி தயாரித்தும், பதிவின்போது ஒருநாள்கூடச் சிரித்ததில்லை. கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். யார் என்ன பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் “விஷயத்துக்கு வா” என்பார். எடிட்டரும் அந்தக் காலத்தில் அவரிடம் நிறையத் திட்டு வாங்கியவள்தான்.

நிகழ்ச்சி ஓடியது. அவரால் ஆளான சிரிப்பு நடிகர் ஒருவர் குரல் உடைந்து தேம்பினார்.

“அழுகையில ஏழு செகண்டு குறை” என்றார் அவர்.

அடுத்து அவருடைய மகள்.

காலையிலிருந்து இந்த ஓர் இடத்துக்காகத்தான் எடிட்டர் காத்திருந்தாள். மகள் சொன்னதை அவள் நடுவில் வெட்டி ஒட்டியிருந்தாள். அது அவர் காதில் படுமா, பட்டால் என்ன செய்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா தினமும் ராத்திரி ஒரு கதை சொல்வாரு. அதக் கேட்டுட்டுத்தான் தூங்குவேன்.”

அவர் கை உயர்ந்தது.

“நிறுத்து. ஒட்டு தெரியுது. நடுவுல மூச்சே இல்ல பார். இருபது வருஷமா இதே வேலை பாக்குற, நேத்து சேர்ந்தவ மாதிரி வெட்டியிருக்க. முழுசாப் போடு.”

அவள் அசல் பதிவைத் திறந்தாள். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று திரை காட்டியது. அவ்வளவு நேரம் அப்படி என்ன பேசினாள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த இடம் வந்தது.

“அப்பா தினமும் ராத்திரி ஒரு கதை சொல்வாரு, ரேடியோவுல. வீட்டுல பக்கத்துல உக்காந்து ஒருநாளும் சொன்னதில்ல. ரேடியோவத் தலைமாட்டுல வெச்சு, அதக் கேட்டுட்டுத்தான் தூங்குவேன்.”

அடுத்த பேச்சுக்காக மகள் மூச்சை இழுத்தாள். அவர் எட்டிப் பொத்தானை அமுக்கினார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழப்போகிறார் என்று எடிட்டர் நினைத்தாள். அழட்டும் என்றும் நினைத்தாள்.

“வெட்டினது சரிதான்” என்றார். “சிரிக்க வெச்சவன் செத்துப்போன அன்னிக்கு இந்த மூக்கைச் சிந்துற சமாச்சாரம் எதுக்கு? ஆனா வெட்டின லட்சணம் சரியில்ல. தள்ளு.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்தார். மகள் இழுத்த அந்த மூச்சை மட்டும் நகல் எடுத்தார். ஒட்டு தெரிந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு பக்கமும் இம்மி இம்மியாகத் தேய்த்தார். இந்த வயதிலும் கை நடுங்கவில்லை.

போட்டுக் காட்டினார். அப்பா தினமும் கதை சொல்வாராம், ஒரு சின்ன மூச்சு, அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாளாம். இனி எவராலும் குறை சொல்ல முடியாது.

“மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க சார்” என்றாள் எடிட்டர். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“லைப்ரரியில முப்பது பிள்ளைங்க காத்துட்டிருக்கும்மா. சிவிங்கி மாமா லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்?”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவு சாத்தியதும் எடிட்டருக்கு அப்படியோர் ஆத்திரம் வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். கதவைப் பூட்டியாவது இருக்க வேண்டும்.

அந்த ஒட்டு கைதவறி வந்ததல்ல. அவள் வேண்டுமென்றே மட்டமாகப் போட்டது. மகள்தான் அப்படிக் கேட்டிருந்தாள். பதிவு முடிந்ததும் எடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியற மாதிரி வெட்டுங்கக்கா” என்றாள். “தயார்னு தெரிஞ்சா அப்பா எப்படியும் வந்து உக்காருவாரு. ஒட்டு தெரிஞ்சாத்தான் முழுசாப் போடச் சொல்லிக் கேப்பாரு.” அப்பாவுக்கு மூன்று தடவை போன் செய்து பார்த்துவிட்டாளாம். மூன்று தடவையும் “விஷயத்துக்கு வாம்மா” என்றாராம்.

எடிட்டரின் போன் அதிர்ந்தது. மகள்தான். எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து பதிவை ஓடவிட்டாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

“அப்பா, ஒட்டைக் கண்டுபிடிச்சிட்டீங்கல்ல? இனிமே பேசப்போறதெல்லாம் உங்ககிட்ட மட்டுந்தான்.”